கத்தி உவமையை இனியாவது கீழே வையுங்கள்

செயற்கை நுண்ணறிவு (ஏஐ) பற்றிய சனிக்கிழமை நேரலைக் கூட்டத்தை அநேகமாக எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர்களுக்கும் நான் கேள்வி கேட்ட அந்தச் சின்ன வீடியோத் துண்டு போய்ச் சேர்ந்திருக்கிறது. சிரிப்புப் பொம்மை போட்டு எனக்கே அனுப்புகிறீர்கள், நன்றி. அதனால் முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: "மனித நலனுக்காக ஏஐ என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். நலன் கூடியதா குறைந்ததா என்பதை எதை வைத்துப் பார்க்கிறீர்கள்?" பேசியவரிடமிருந்து வந்த பதில்: "அம்மா, ஏஐ ஒரு கத்தி மாதிரி. பழமும் நறுக்கலாம், ஆளையும் குத்தலாம். மீதியை வீட்டுக்குப் போய் ஏஐயிடமே கேட்டுக்கொள்ளுங்கள்." கைதட்டல். அடுத்த கேள்வி.

கைதட்டியவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. அது போகட்டும். பதிலைப் பார்ப்போம்.

கத்திக்கு இலக்கு கிடையாது. மேசை டிராயரில் கிடக்கும்போது அது எதையும் கூட்டவோ குறைக்கவோ பார்ப்பதில்லை. ஏஐ என்று நாம் சொல்லும் அமைப்புகளை அப்படிச் செய்வதில்லை. ஒரு எண்ணைக் காட்டி, இதைக் கூட்டு, அல்லது இதைக் குறை என்று சொல்லித்தான் பழக்குகிறார்கள். அந்த எண்ணை யாரோ சிலர் ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். நம் கைக்கு வரும்போது அது ஏற்கெனவே ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கேட்டேன், எதைக் கூட்டச் சொல்லியிருக்கிறீர்கள் என்று. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

தூரத்தில் தேட வேண்டாம், நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இதே முகநூலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் இங்கே ஒரு லைக்குக்கு ஒரு மதிப்பு என்றால், கோபப் பொம்மை உட்பட மற்ற முகப் பொம்மைகளுக்கு ஐந்து மடங்கு மதிப்பு கொடுக்க ஆரம்பித்தார்கள். 2021இல் வெளியான உள் ஆவணங்களில் இருந்தது இது. கோபம் வரவழைக்கும் பதிவில்தான் பொய்யும் வசையும் அதிகம் என்று அவர்களுடைய ஆய்வாளர்களே பிறகு கண்டுபிடித்தார்கள். மக்களைக் கோபப்படுத்து என்று யாரும் கட்டளை போடவில்லை. லைக், கருத்து, பகிர்வு என்கிற ஈடுபாட்டைக் கூட்டு என்றார்கள், அது கூட்டியது. கத்தி யார் கையில் இருந்தது, சொல்லுங்கள்?

இன்னொன்று. அமெரிக்க மருத்துவமனைகளில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று சொல்ல ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். நோயின் கடுமையை அளப்பது கடினம், செலவுக் கணக்கு கையில் இருக்கிறது. சரி, யாருக்கு அதிகம் செலவாகுமோ அவருக்குத்தான் நோய் அதிகம் என்று வைத்துக்கொண்டார்கள். கறுப்பினத்தவருக்கு அங்கே ஏற்கெனவே குறைவாகத்தான் செலவழிக்கப்பட்டு வந்தது. ஆகவே அவர்கள் நோய் குறைந்தவர்கள் என்று மென்பொருள் சொல்லிவிட்டது. 2019இல் 'சயின்ஸ்' இதழில் இந்த ஆய்வு வந்தது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவர் 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயர்வார்கள் என்று அதில் கணக்குக் காட்டியிருந்தார்கள். மென்பொருளில் கோளாறு இல்லை. கொடுத்த வேலையைச் சரியாகத்தான் செய்தது. நானும் கணக்கு எழுதிப் பிழைப்பவள். தப்பான தலைப்பில் எழுதிய தொகை கூட்டலில் சரியாகத்தான் வரும்.

இப்போது என் வீட்டுக் கதை ஒன்று. மாமா போன பிறகு அத்தைக்கு ஒரு காப்பீட்டுத் தொகை வர வேண்டியிருந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். முதலில் அரட்டைப் பெட்டியில்தான் பேச வேண்டும், ஆள் கிடையாது. அத்தை ஒற்றை விரலால் தட்டச்சு செய்வார், அதுவும் கடிதம் மாதிரி. "வணக்கம். நான் நலம். என் கணவர்..." என்று அவர் முடிப்பதற்குள், "உங்களிடமிருந்து பதில் வராததால் உரையாடல் நிறைவு பெறுகிறது" என்று வந்துவிடும். கீழே ஐந்து நட்சத்திரம். அத்தை ஒவ்வொரு முறையும் ஐந்தையும் அழுத்தினார். ஏன் அத்தை என்றால், "குறைச்சுப் போட்டா கோபிச்சுக்கிட்டு பணத்தை நிறுத்திட்டாங்கன்னா?" என்றார்.

அந்த நிறுவனத்தின் அறிக்கையில் இது எப்படிப் பதிவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உரையாடல் நிறைவு. நேரம் குறைவு. வாடிக்கையாளருக்கு முழுத் திருப்தி. கடைசியில் கிளை அலுவலகத்தில் ஒரு பெண் காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, பிறந்த தேதியில் ஓர் எண் மாறியிருக்கிறது என்று சொல்லித் திருத்திக் கொடுத்தார். அத்தை அங்கேயே அழுதுவிட்டார். அந்தப் பெண்ணுக்கு நட்சத்திரம் போட வழி எதுவும் இல்லை.

உடனே வருவார்கள், "நீங்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரி" என்று. ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ தெரியாதா, 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவத்தைக் கணித்துக் கொடுத்ததே, 2024இல் நோபல் பரிசே வந்ததே என்பார்கள். தெரியும் ஐயா. அது என் கட்சிக்குத்தான் சாட்சி. 1971 முதல் உலகத்து ஆய்வாளர்கள் புரத வடிவங்களைப் பொதுவான ஒரு வங்கியில் சேர்த்து வைத்தார்கள். 1994 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை போட்டி வைத்து, கணிப்பை ஆய்வகத்தில் கண்ட வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எது சரி என்று இயந்திரம் வரும் முன்பே மனிதர்கள் பேசி முடித்திருந்தார்கள். அதைத்தானே எல்லா இடத்திலும் கேட்கிறேன்!

"நலன் என்பதை எப்படி அளப்பது? அது ஆளுக்கு ஆள் மாறுமே" என்று சனிக்கிழமையே ஒருவர் முணுமுணுத்தார். நியாயமான கேள்விதான், ஆனால் பழைய கேள்வி. நாட்டின் வருமானம் ஏறினால் போதும், அதுவே வளர்ச்சி என்று இருந்த காலத்தில் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் அதை ஏற்கவில்லை. மக்கள் எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள், படிக்கிறார்களா என்பதையும் வருமானத்தோடு சேர்த்து 1990இல் மனித மேம்பாட்டுக் குறியீட்டைக் கொண்டுவந்தார். வாழ்க்கையை ஒற்றை எண்ணில் அடக்குவதா என்று அமர்த்தியா சென்னே முதலில் தயங்கினார். வருமானம் என்ற எண்ணை அசைக்க இன்னோர் எண்தான் வேண்டும் என்று ஹக் அவரைச் சம்மதிக்க வைத்தார். குறைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அளக்கவே முடியாது என்று அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஈடுபாட்டை ஒரு பொட்டு விடாமல் அளக்கத் தெரிந்தவர்களுக்கு நலன் என்றதும் மட்டும் தத்துவம் வந்துவிடுகிறது.

"மக்களுக்குப் பிடித்ததைத்தானே கொடுக்கிறார்கள்?" 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடிக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது, நினைவிருக்கிறதா? என்ன சொன்னாலும் ஆகா ஓகோ என்று புகழ்ந்தது. சில நாளில் அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் அந்தப் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது. பயனர்கள் உடனடியாகத் தரும் பின்னூட்டத்துக்கு அதிக இடம் கொடுத்துவிட்டோம் என்று அவர்களே எழுதினார்கள். கட்டைவிரல் உயர்த்தியதெல்லாம் நலன் ஆகாது. என் அத்தையைக் கேளுங்கள்.

"நாம் நிதானித்தால் வேறு யாராவது முந்திவிடுவார்கள்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. எங்கே போகிறோம் என்று கேட்டால், வேகமாகப் போகிறோம் என்கிறார்கள்.

உண்மையில் வலித்தது கத்தி அல்ல, அந்த "அம்மா". மரியாதைக்குச் சொன்ன அம்மா இல்லை அது. உனக்கு இது புரியாது, ஓரமாக உட்கார் என்கிற அம்மா. எனக்கு முன்னால் ஒரு பையன் இதே கேள்வியை ஆங்கிலச் சொற்களில் கேட்டான், பத்து நிமிடம் பதில் வந்தது. நிரல் எழுதத் தெரிந்தால்தான் கேட்கலாமா? நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய பெற்றோர் ஆயிரக்கணக்கானோரை மோசடிக்காரர்கள் என்றார்கள். யாரைச் சந்தேகிப்பது என்று கைகாட்டிய மென்பொருள் அவர்களுடைய குடியுரிமையையும் கணக்கில் எடுத்திருந்தது. வாங்கிய பணத்தையெல்லாம் திருப்பிக் கட்டு என்றார்கள், குடும்பங்கள் கடனில் மூழ்கின. அந்தப் பெற்றோருக்கும் நிரல் தெரியாது. தப்பு நடந்திருக்கிறது என்று மட்டும் தெரியும். ஆண்டுக்கணக்கில் அதையே சொன்னார்கள், கேட்க ஆள் இல்லை. கடைசியில் அவர்கள் சொன்னது காதில் விழுந்து, 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது.

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, அதனால் உங்களிடம் கேட்கிறேன். என் நட்புப் பட்டியலில் ஏஐ செய்கிற நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வாரக் கூட்டத்தில் உங்கள் குழு முதலில் திறந்து பார்க்கும் எண் எது? அது ஏறினால் யாருக்கு நல்லது? பொதுவில் சொல்ல முடியாவிட்டால் உள்பெட்டியில் எழுதுங்கள், பெயர் வெளியே வராது. கத்தியோடு வருகிறவர்களை மட்டும் பிளாக் செய்துவிடுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.