டென்ட் எங்கே போடுவீர்கள் என்று கேட்டுவிட்டு, அப்புறம் பணம் கட்டுங்கள்

மார்கழி நெருங்கினால் போதும், வேலூர்க்காரர்களின் போனில் ஜவ்வாது மலை விளம்பரம் வரிசை கட்டும். 2 ராத்திரி, 3 பகல், கைடு உண்டு, காட்டுக்குள் டென்ட், கேம்ப் ஃபயர். படத்தில் நட்சத்திரம் இருக்கும், தீ இருக்கும், சமயத்தில் கிட்டார்கூட இருக்கும். சாயந்திரம் 10 பேருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது மட்டும் எங்கேயும் இருக்காது.

இந்தத் தொழில் மேலே கோபமில்லை. மலை ஏற ஆசைப்படுகிறவர்களுக்கு ஆள் வேண்டும், கூலியும் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கூலி எதற்கு என்று தெரிந்து கொடுங்கள். பகலில் வழி காட்ட மேய்ச்சலுக்குப் போகும் பையன் போதும். சாயந்திரம் 4 மணிக்கு மேல் எங்கே படுப்பது, எங்கே படுக்கக் கூடாது, ஒருவருக்கு முடியாமல் போனால் எந்தப் பக்கம் இறக்குவது என்று முடிவெடுக்கிறாரே, அதற்குத்தான் கைடுக்குக் காசு.

முதலில் சட்டம். ஸ்காட்லாந்தில் 2003-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான திறந்த வெளியில் டென்ட் அடிக்கலாம் என்று உரிமையே கொடுக்கிறது. யூடியூபில் நாம் பார்ப்பது அந்த ஊர். நம் ஊரில் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைப்பதே 1882-ம் வருஷத்து தமிழ்நாடு வனச்சட்டத்தில் குற்றம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று புல்லில் பிடித்த தீ 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன பிறகு, அதே வருஷம் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ 40 பாதைகளில் நம் பக்கத்து ஏலகிரி–சுவாமிமலையும் இருக்கிறது, ஆனால் அது பகலிலேயே போய்த் திரும்புகிற நடை. ஆகவே “காட்டுக்குள் டென்ட்” என்று ஒருவர் சொன்னால், எழுத்தில் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். “ஃபாரஸ்ட்காரங்க நமக்குத் தெரிஞ்சவங்கதான்” என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம்.

அப்படியென்றால் மலையில் ராத்திரி தங்கவே முடியாதா? முடியும். ஜவ்வாது ஆளில்லாத மலை கிடையாது. அணைக்கட்டுப் பக்கம் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, திருப்பத்தூர்ப் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு, தெற்கே ஜமுனாமரத்தூர் என்று மலை முழுக்க ஊர்கள். ரெண்டு ஊருக்கு நடுவே பகலில் ஊர்ப் பாதையில் நடந்து, ராத்திரி ஊர் ஓரத்தில் ஒருவரின் பட்டா நிலத்தில், அவரிடம் கேட்டு, வாடகை கொடுத்து டென்ட் போடுவதுதான் நம் மலைக்கு ஒத்து வரும். பாதை எங்கெல்லாம் காப்புக்காட்டைத் தொடுகிறது என்று முன்கூட்டியே பார்த்து, அந்தத் துண்டுக்கு வனச்சரக அலுவலகத்தில் அனுமதி வாங்குவது கைடின் வேலை.

கைடு அந்த மலை ஊர்க்காரராக இருக்க வேண்டும், குறைந்தது ஒருவராவது. அங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). பாதை யாருக்கும் தெரியும். எந்தக் கொல்லைக்குப் பன்றிக்காகத் திருட்டு மின்வேலி போட்டிருக்கிறார்கள், எங்கே அவுட்டுக்காய் (பன்றிக்கு வைக்கும் நாட்டு வெடி) வைக்கிறார்கள் என்பது அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். இருட்டின பிறகு கொல்லை ஓரமாகக் குறுக்கு வழியில் நடப்பதைவிட ஆபத்தான காரியம் அந்த மலையில் வேறு இல்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதை நம்பாதீர்கள்: தூரம். “தோ, அந்த மேட்டுக்கு அந்தாண்ட” என்றால் அவர் காலுக்கு அரை மணி, உங்கள் காலுக்கு ஒன்றரை.

நேரத்தை நீங்களே கணக்குப் போடலாம். சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏறுகிற ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் 10 நிமிஷம் கூட்டுங்கள். 12 கிலோமீட்டர், 700 மீட்டர் ஏற்றம் என்றால் 4 மணி 10 நிமிஷம். மூட்டை தூக்கிய 10 பேர் கூட்டம் என்றால் அதில் பாதியை இன்னும் சேர்க்க வேண்டும், கிட்டத்தட்ட ஆறேகால் மணி நேரம். சாப்பாட்டுக்கும் மூச்சு வாங்கவும் ஒன்றரை மணி. காலை 7-க்குக் கிளம்பினால் பிற்பகல் 3-க்குள் இடம் சேரலாம். எல்லாரும் நிதானமாகப் பொங்கல் வடை சாப்பிட்டு 9-க்குக் கிளம்பினால், போய்ச் சேரும்போது ஐந்தாகக் கால் மணி நேரம்தான் இருக்கும். டிசம்பரில் இங்கே 6-க்கு முன்னாலேயே சூரியன் இறங்கிவிடும். தலைக்கு ஒரு நெற்றி டார்ச் எப்படியும் வேண்டும், ஆனால் அதை நம்பி நடைத் திட்டம் போடக் கூடாது.

தண்ணீர்க் கணக்கு இதைவிட முக்கியம். நடக்கிற நாளில் ஆளுக்குக் குடிக்க 4 லிட்டர், சமையலுக்கும் பாத்திரத்துக்கும் ஒன்றரை. 10 பேருக்கு 55 லிட்டர். ஆளுக்கு 3 லிட்டருக்கு மேல் தூக்க முடியாது, அதுவே 3 கிலோ. மிச்சம் 25 லிட்டரும், மறுநாள் காலைக்கு நிரப்ப 30 லிட்டரும் தங்குமிடத்தில் கிடைத்தாக வேண்டும். ஓடையில் தண்ணீர் “இருக்கு” என்பது போதாது. ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்துப் பாருங்கள். நிரம்ப ஒரு நிமிஷம் ஆனால் 55 லிட்டருக்கு ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே குந்தியிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை விட்ட கையோடு டிசம்பர், ஜனவரியில் ஓடைகள் ஓடும். மாசி பிறந்தால் பல ஓடைகள் வெறும் மணல், போன மாதம் வந்துபோன கைடின் வார்த்தைகூட அப்போது செல்லாது. ஊருக்குக் கீழே ஓடுகிற தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மாடும் மனுஷனும் கலந்ததுதான். வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்க வைக்க வேண்டும். குளோரின் மாத்திரை என்றால் போட்டு அரை மணி காத்திருக்க வேண்டும், கலங்கல் தண்ணீரில் அது சரியாக வேலை செய்யாது.

இடத்துக்கு வந்ததும் நல்ல கைடு மூட்டையை அவிழ்க்க மாட்டார். முதலில் அண்ணாந்து பார்ப்பார்: காய்ந்த கிளை தொங்குகிறதா, பாறையில் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா? அப்புறம் ஓடைக் கரைப் புதரைப் பார்ப்பார். சருகும் குச்சியும் எந்த உயரத்தில் சிக்கி நிற்கிறதோ, போன வெள்ளம் அதுவரைக்கும் வந்திருக்கிறது. மேலே எங்கோ பெய்த மழைக்கு, இங்கே ஒரு சொட்டு விழாமலே ஓடை பொங்கும். அதனால் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, கொஞ்சம் மேட்டில். மேட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு: ராத்திரி குளிர்காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும், பனியும் அங்கேதான் கொட்டும். எலி வளை இருக்கும் வரப்பு வேண்டாம், எலி இருந்தால் அதைத் தேடிப் பாம்பு வரும். பலா பழுத்த மரத்தடியும் கரையான் புற்றுப் பக்கமும் வேண்டாம், ரெண்டும் கரடிக்குப் பிடித்தவை. முழங்கால் உயரப் புல்லும் வேண்டாம், அதற்குக் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அறுவடை முடிந்த சாமைக் கொல்லை கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. லேசான சரிவு இருந்தால் தலை மேல்பக்கம்.

டென்ட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: தரையோடு சேர்த்துத் தைத்தது, ஜிப் முழுசாக மூடுவது. தார்ப்பாயைக் கட்டி அடியில் படுப்பது அழகுதான், ஆனால் கட்டுவிரியன் ராத்திரியில் திரிகிற பாம்பு, தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பது அதன் வழக்கம். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடிகாலையில் வயிற்று வலி, இமை தூக்க முடியாமல் சொருகுவது, அப்புறம் மூச்சுத் திணறல். ஜிப் ஒரு சாண் திறந்திருந்தாலும் திறந்ததுதான். ஆனால் துணியில் இருக்கும் காற்றுச் சாளரத்தை மூடிவிடாதீர்கள். ரெண்டு பேர் ராத்திரி விடும் மூச்சிலேயே அரை லிட்டருக்குக் கிட்ட ஈரம் இருக்கும். காலையில் உள்ளே சொட்டினால் டென்ட் ஒழுகுகிறது என்று கைடைத் திட்டுவார்கள், ஒழுகியது இவர்கள் மூச்சு.

பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கையோ காலோ, எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல அசையாமல் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கி இறக்க வேண்டும். மருந்து ஆஸ்பத்திரியில் மட்டும்தான். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, ரோடு இல்லாததால் நேரத்துக்கு ஆஸ்பத்திரி சேர முடியாமல் இறந்தது வேலூருக்கே தெரியும். அந்த மக்கள் தினமும் சுமக்கும் அபாயத்துக்குள் நாம் காசு கொடுத்துப் போகிறோம். ஆகவே கைடிடம் கேளுங்கள்: முதல் நாள் ராத்திரி, ரெண்டாம் நாள் ராத்திரி, ஒவ்வொரு இடத்திலிருந்தும் 108 வந்து நிற்கக்கூடிய ரோடு எவ்வளவு தூரம், டோலி தூக்க எத்தனை பேர், போன் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும்? மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்பவரோடு போகலாம்.

கேம்ப் ஃபயர் வேண்டவே வேண்டாம். காய்ந்த புல் மலையில் ஒரு பொறி எதைச் செய்யும் என்று குரங்கணி காட்டிவிட்டது. சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்பு, பாறை மேலேயோ வெறும் மண்ணிலேயோ. சாப்பாட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: அவல், ரவை, கடலை உருண்டை, முதல் நாளைக்குப் புளிசாதம். ஆம்பூர் பிரியாணியைக் கட்டிக்கொண்டுபோய் ராத்திரி சாப்பிடுகிற வீரர்கள் இருக்கிறார்கள். வெயிலில் எட்டு மணி நேரம் மூட்டைக்குள் வெந்த சோறு, ரெண்டாம் நாள் முழுக்கப் புதர் தேட வைக்கும்.

தேட நேர்ந்தால், ஓடையிலிருந்து அதே 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி. வெட் டிஷ்யூவைப் புதைக்காதீர்கள், மக்காது, பையில் திரும்ப எடுத்து வாருங்கள்.

இனி ஷூ. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழிலே மூச்சாக இருக்கிற ஊர்க்காரர்கள் நாம், ஆனாலும் மலையில் நம் ஆட்கள் கவிழ்வது ஷூவில்தான். புது ஷூவை முதல் நாளே மலையில் போடுவது ஒரு தப்பு, அது எல்லாருக்கும் தெரியும். தெரியாத தப்பு, நாலைந்து வருஷம் பெட்டியில் பத்திரமாக வைத்த ஷூவை எடுத்துப் போடுவது. நடுசோல் பியூ (பாலியூரித்தேன் நுரை) என்றால், காற்றிலிருக்கும் ஈரமே அதை உள்ளுக்குள் அரிக்கும். போடாமல் வைத்தாலும் அரிக்கும். பார்க்கப் புதுசாக இருக்கும், ரெண்டாம் மணி நேரத்தில் சோல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்து வாயைப் பிளக்கும். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் மாமாவோ மச்சானோ இல்லாத வீடு அந்தப் பக்கம் குறைவு, கேட்டுப் பாருங்கள். கிளம்பும் முன் சோலின் பக்கவாட்டைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பொடி உதிர்ந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ வேறு ஷூ. மலையில் பிளந்துவிட்டால் பசை நிற்காது. நாலு பிளாஸ்டிக் கேபிள் டையும் தண்ணீர் பாட்டிலில் சுற்றி வைத்த ரெண்டு மீட்டர் துணி டேப்பும்தான் ஊர் சேர்க்கும்.

இறக்கத்தில் விரல் முன்னால் இடித்து நகம் கறுக்கும். அரை சைஸ் பெரிதாக எடுத்து, இறங்கும்போது கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கினால் பாதம் முன்னால் வழுக்காது. குதிகாலில் சுருக்கென்ற அந்த முதல் நிமிஷத்திலேயே நின்று, வியர்வையைத் துடைத்து டேப் ஒட்டுங்கள். “கேம்ப்ல பாத்துக்கலாம்” என்றால் கேம்ப்பில் கொப்புளத்தைத்தான் பார்ப்பீர்கள். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைக்கும், கம்பளி அல்லது சிந்தெடிக் போடுங்கள். மொத்த மூட்டை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ, தண்ணீரும் சேர்த்து.

புல் விஷயம். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்பும் பூச்சி, கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு, புதரும் புல்லும் இருக்குமிடத்தில் ஏறிக்கொள்ளும். மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில்தான் இந்தக் காய்ச்சல் அதிகம், மலை ஏறும் சீசனும் அதுதான். வேலூர் சிஎம்சி டாக்டர்கள் வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்யும் நோய் இது. முழுக்கால் பேண்ட், பேண்ட் நுனியை சாக்ஸுக்குள் சொருகுவது, புல்லில் வெறுமனே உட்காராமல் விரிப்பு போடுவது, போட்ட துணியை வீடு வந்ததும் சுடுதண்ணீரில் அலசிவிட்டுக் குளிப்பது, இவ்வளவுதான் தடுப்பு. திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள். சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அரிக்காது, அதனால் பார்க்காமலே விட்டுவிடுவார்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் டாக்டரிடம் முதல் வாக்கியமாக, மலையில் ரெண்டு ராத்திரி டென்ட்டில் படுத்தேன் என்று தேதியோடு சொல்லுங்கள். சரியான மாத்திரை சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் ரெண்டே நாளில் காய்ச்சல் இறங்கும்.