சக்கரத்தை மாற்றிவிட்டுப் பங்க்காரரைத் திட்டுவது என்ன நியாயம்?

பெட்ரோலை அளவு குறைத்துப் போட்டதால்தான் காரின் மைலேஜ் விழுந்தது என்று, திருநெல்வேலிப் புறவழிச்சாலைப் பெட்ரோல் பங்கில் என் அக்கா குடும்பத்தார் செய்த தகராறைப் பற்றி ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டீர்கள். காணொளியில் ஓரமாக நின்று 'பங்க்காரருக்கு வக்காலத்து வாங்கும் மாமா' நான்தான் என்பதால், இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியாகாது.

அன்று நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். மைலேஜ் குறைந்ததற்குக் காரணம் பெட்ரோலின் அளவு அல்ல, காரின் சக்கரம். 15 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது என்று 17 அங்குல அலாய் வீலும் அகலமான டயரும் மாட்டியவர் என் மருமகன், அதாவது அக்கா மகன். லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 16-க்கு இறங்கியதும் குற்றவாளி பங்க்காரர் ஆகிவிட்டார். அங்கே வேலை பார்க்கும் பையன் முத்திரை குத்திய 5 லிட்டர் அளவு கேனை எடுத்து வந்து, எல்லோர் முன்னிலையிலும் பிடித்துக் காட்டினான். பெட்ரோல் கேனின் கழுத்தில் உள்ள அளவுக் கோட்டில் சரியாக வந்து நின்றது. உடனே 'கேனே கள்ளக் கேன்' என்றார்கள். அதற்கு மேல் அந்தப் பையன் என்ன செய்வான், தாமிரபரணியில் இறங்கிச் சத்தியமா செய்வான்?

சக்கரம் பெரிதானால் என்ன நடக்கிறது என்பதை நிதானமாகச் சொல்கிறேன். முன்பு இருந்தது 185/65 ஆர்15; அதாவது டயரின் அகலம் 185 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். டயரோடு சேர்த்து அதன் விட்டம் ஏறக்குறைய 621 மி.மீ. இப்போது இருப்பது 205/50 ஆர்17. விட்டம் 637 மி.மீ. என்ஜின் அதே என்ஜின், கியர் அதே கியர். ஆனால் ஒவ்வொரு முறை நகரும்போதும் அது கூடுதல் விட்டத்தையும், கூடுதல் எடையையும் உருட்ட வேண்டும். அந்த எடையும் அச்சிலிருந்து தள்ளி விளிம்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. திருகை சுற்றியவர்களுக்குத் தெரியும், கல் அகலமாக அகலமாக முதல் சுற்றுக்குத்தான் தோள் வலிக்கும். வண்ணாரப்பேட்டையிலிருந்து ஜங்ஷன் போய்ச் சேர்வதற்குள் எத்தனை இடத்தில் நிறுத்தி எடுக்கிறோம்! ஒவ்வொன்றும் அந்த முதல் சுற்றுதான். பிக்கப் குறைந்துவிட்டது என்று மருமகனே என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்கும் பங்க்காரரா பொறுப்பு?

நான் மட்டும் சொல்லும் கதை அல்ல இது. அமெரிக்காவின் 'கார் அண்ட் டிரைவர்' இதழ் 2010-இல் ஒரே ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் 15 முதல் 19 அங்குலம் வரை சக்கரங்களை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தது. சக்கரம் ஏற ஏற வேகமெடுப்பது மந்தமானது. 15-க்கும் 19-க்கும் இடையே எரிபொருள் சிக்கனம் சுமார் 10 சதவீதம் சரிந்தது. வளைவில் பிடிப்பு கூடியது என்பதும் அதே சோதனையில் உண்டு. இருக்கட்டும். நம் மருமகன் பந்தயத்துக்குப் போகவில்லை, பாளையங்கோட்டைக்கு மார்க்கெட்டுக்குத்தான் போகிறார்.

'கம்பெனிக்காரனே உயர்ந்த மாடலுக்குப் பெரிய வீல் கொடுக்கிறானே' என்று கேட்கிறார்கள். கொடுக்கிறான், கணக்குப் போட்டுக் கொடுக்கிறான். 185/65 ஆர்15 இருந்த இடத்தில் 195/55 ஆர்16 போட்டால் மொத்த விட்டம் ஒரு மி.மீ. கூட மாறாது, ரிம் வளர்ந்த அளவுக்கு டயரின் பக்கச் சுவர் குறைந்துவிடும். கடையில் கண்ணாடி முன்னால் நின்று சட்டை எடுப்பதுபோல் ரிம் எடுத்தவருக்கு இந்தக் கணக்கு எங்கே தெரியப்போகிறது?

'அலாய் என்றால் இலேசு' என்பது அடுத்தது. அதே அளவில் நல்ல தயாரிப்பாக இருந்தால் இலேசாக இருக்கலாம். இரண்டு அங்குலம் பெரிதான விலை மலிவான வார்ப்பு வீல், பழைய இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருப்பதும் உண்டு. கழற்றும்போது கையில் தூக்கிப் பார்த்தவன் நான்.

ஒரு நண்பர் நியாயமாகவே கேட்டிருந்தார்: விட்டம் கூடினால் மீட்டர் தூரத்தைக் குறைவாகத்தானே காட்டும், அப்படியானால் மைலேஜ் குறைந்தது பொய்க் கணக்குதானே என்று. ஒப்புக்கொள்கிறேன். மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 102.5 போயிருக்கும். ஆக, 16 என்பது உண்மையில் 16.4. மீதி இரண்டரை எங்கே போயிற்று என்பதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஆடிக் காற்று என்கிறார் இன்னொருவர். நாகர்கோவில் போகிறவருக்குக் காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலில் எதிர்க்காற்று பெட்ரோல் குடிக்கத்தான் செய்யும். ஊருக்குள் ஓட்டும்போதும் அதே 16 வருகிறதே, சமாதானபுரத்திலும் காற்றாலை வைத்திருக்கிறார்களா?

என் தகப்பனார் லாரி ஓட்டியவர். அம்பாசமுத்திரத்தில் அரிசி ஏற்றித் தூத்துக்குடிக்குப் போவார். பள்ளி விடுமுறையில் கிளீனர் பக்கம் என்னையும் உட்கார வைத்துக்கொள்வார். டீ குடிக்க நிறுத்தினால், டீக்கு முன்னால் ஒரு வீல் ஸ்பேனரோடு வண்டியைச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயரிலும் ஒரு தட்டு. சத்தம் 'ணங்' என்று எழும்பினால் நகர்வார். 'சொத்' என்று விழுந்தால் அங்கேயே குந்தி உட்கார்ந்து, உள் டயருக்கும் வெளி டயருக்கும் நடுவில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். காற்று குறைந்த டயரோடு ஓட்டினால் முதலாளியின் டீசலை நாம் திருடுவதாக அர்த்தம் என்பார். அந்த மனிதரிடம் படித்ததைத்தான் அன்று சொன்னேன்.

அதற்கு மருமகனின் அப்பாவான என் அத்தான், பங்கில் அத்தனை பேர் முன்னால், 'லாரிக்காரன் மகனுக்கு லாரிப் புத்திதானே இருக்கும்' என்றார். காணொளியில் அந்த இடம் சரியாகக் கேட்காது. எனக்கு நன்றாகவே கேட்டது. இந்தக் காரை எடுக்கும்போது எந்த மாடல், எவ்வளவு முன்பணம், எந்த வங்கி என்று என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்டபோது மட்டும் லாரிப் புத்தி இனித்ததா? என் அக்கா பக்கத்திலேயே நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்குப் பொறாமை என்று எழுதியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அழகுக்காக மாற்றினேன், ஆகிற செலவு ஆகட்டும் என்று மருமகன் சொல்லியிருந்தால் நானே கைகட்டி நின்று ரசித்திருப்பேன். அவருடைய காசு, அவருடைய கார். அந்தச் செலவுக்காக, மாதச் சம்பளம் வாங்கும் ஒரு பையனைத் திருடன் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முதலாளியையும் கூப்பிட்டார்கள்; அவன் வேலை என்ன ஆயிற்று என்று இதுவரை யாராவது விசாரித்தீர்களா?

பழைய நான்கு சக்கரங்களும் அக்கா வீட்டு மாடியில் தார்ப்பாயின் கீழ்தான் கிடக்கின்றன. அவற்றை மாட்டுங்கள். அதே பங்கில், அதே பம்பில், டேங்க் நிறைத்துக்கொண்டு வள்ளியூர் வரை போய்த் திரும்பி, மறுபடி நிறைத்துக் கணக்குப் பாருங்கள். மறுநாள் பெரிய சக்கரத்தோடு அதே பாதை. அதற்கு மட்டும் மீட்டர் காட்டும் தூரத்தோடு இரண்டரை சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் பெட்ரோலும் என் செலவு. அத்தான் முன் சீட்டில் உட்காரட்டும், மருமகன் ஓட்டட்டும். காற்று மட்டும் நான்தான் பார்த்துப் பிடிப்பேன். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.