காய்ச்சல்காரரின் உடம்பை முழுசாகப் பாருங்கள்

மழை விட்டு கார்த்திகைக் குளிர் தொடங்கியதும் எங்கள் வார்டில் ஒரு காய்ச்சல் வர ஆரம்பிக்கும். மாசி வரைக்கும் ஓயாது. ஸ்டாஃப் நர்ஸாகப் பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன். வருகிறவர்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் நாலைந்து ரத்தப் பரிசோதனைச் சீட்டு. "டைபாய்டுன்னு சொன்னாங்க சிஸ்டர்", "டெங்குவா இருக்கும்னாங்க". ஊசி போட்டாயிற்று, டிரிப்ஸ் ஏற்றியாயிற்று, காய்ச்சல் மட்டும் விட்டபாடில்லை.

போன டிசம்பரில் வந்த அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. நூறு நாள் வேலைக்குப் போவார், மற்ற நாளில் ஆடு மேய்ப்பார். எட்டு நாளாகக் காய்ச்சல். அதில் ஆறு நாள் பக்கத்து ஊர் கிளினிக்கில் ஊசி. எங்களிடம் வரும்போது நிமிடத்துக்கு 34 முறை மூச்சு வாங்கியது, ஆக்சிஜன் 88 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. ரத்தத் தட்டணுக்களும் 46,000-க்குக் குறைந்திருந்தன. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ்.

ராத்திரி பத்தரை மணிக்கு ஈரத்துணியால் உடம்பைத் துடைக்க மறைப்பை இழுத்துவிட்டு ரவிக்கையைத் தளர்த்தினேன். இடது மார்புக்கு அடியில், தோல் மடிப்புக்குள்ளே, சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு புண். மிளகை விடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். தொட்டேன். வலி இல்லை என்றார், அரிப்பும் இல்லையாம். அப்படி ஒன்று அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த பத்து நிமிடத்தில் மருந்து மாறியது.

ஸ்க்ரப் டைஃபஸ். பேப்பரில் உண்ணிக்காய்ச்சல் என்று எழுதுவார்கள். மாட்டில் ஒட்டியிருக்குமே, அந்த உண்ணி இல்லை இது. புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சின்னப் பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் ஆரம்பிக்கும். அதற்குள் கடிபட்டதே மறந்துபோயிருக்கும். இதை உண்டாக்கும் ஓரியன்சியா என்ற பாக்டீரியா நம் செல்களுக்கு உள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. காய்ச்சல் என்றதும் எல்லா இடத்திலும் போடுகிற செஃப்ட்ரியாக்சோன் ஊசி இதை ஒன்றும் செய்யாது. அந்த அம்மாவுக்கு ஆறு நாளும் போனது அந்த ஊசிதான். அதற்குள் கிருமி நுரையீரலைப் பிடித்துவிட்டது. விட்டால் சிறுநீரகம், மூளை, இதயம் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும்.

எனக்குக் கோபம் அந்த கிளினிக் டாக்டருக்குப் படிப்பில்லை என்பதில் இல்லை. நிச்சயம் படித்திருப்பார். ஆனால் அங்கே பரிசோதனை எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து பெஞ்சில் மூன்று ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஸ்டெதஸ்கோப்பை ரவிக்கைக்கு மேலேயே வைப்பார்கள், முடிந்தது. இந்த அம்மாவுக்கும் கூச்சம், டாக்டருக்கும் சங்கடம். நடுவில் ஒரு துணித் திரை இருந்திருந்தால், கூட ஒரு பெண் ஊழியர் நின்றிருந்தால், முதல் நாளே தெரிந்திருக்கும். வேலூரில் செய்த ஓர் ஆய்வில் ஆண்களுக்கு இந்தப் புண் அதிகமாக இருந்தது அக்குளிலும் தொடையிடுக்கிலும் பிறப்புறுப்பிலும். பெண்களுக்கு மார்பிலும் வயிற்றிலும். எல்லாம் துணி மூடுகிற இடங்கள். அதனால்தான் திரையில்லாத இடத்தில் இந்த நோய் தப்பித்துவிடுகிறது என்கிறேன்.

"மர்மக் காய்ச்சல்" என்று செய்தி போடுகிறார்களே, அந்த வார்த்தையைக் கண்டாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒன்றும் மர்மமில்லை. 2025 ஜனவரியில் நம் பொது சுகாதாரத் துறையே இதைப் பற்றி எச்சரித்தது.

புண் எல்லோருக்கும் இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். இருக்கிறவர்களுக்கும் வியர்வை தேங்குகிற மடிப்பில் கறுப்புப் பொருக்கு உதிர்ந்து, வெறும் ஈரப் புண்ணாகத் தெரியலாம். வியர்வையால் வந்த புண் என்று விட்டுவிடுவார்கள். இந்த நோயைக் கண்டுபிடிக்க ஐஜிஎம் எலைசா என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஆனால் முதல் ஐந்தாறு நாளில் நெகட்டிவ் காட்டலாம். ரிசல்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் ஆள் தாங்கமாட்டார். சந்தேகம் வலுவாக இருந்தால் மருந்தை ஆரம்பித்துவிட வேண்டும். டைபாய்டுக்கு எடுக்கிற விடால் என்ற ரத்த டெஸ்ட் ஒன்றை மட்டும் வைத்து டைபாய்டு என்று முடிவுகட்டுவதையும் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

மருந்து டாக்ஸிசைக்ளின். சில ரூபாய் மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். முற்றிய நோயாளிகளுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பில் கொடுத்தால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று 2023-இல் வந்த ஆய்வு காட்டியது. வேலூர் சிஎம்சி முன்னின்று, இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில், சுமார் 800 நோயாளிகளை வைத்துச் செய்தது. நம் ஊர் மனிதர்களுக்கு நம் ஊரிலேயே கண்டுபிடித்த பதில். எங்கள் டாக்டர் அன்று ராத்திரி இரண்டையும்தான் ஆரம்பித்தார். மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது, ஐந்தாம் நாள் ஆக்சிஜனை எடுத்தோம். அப்புறம் மாத்திரைக்கு மாற்றினோம். அதைக் கொடுக்கும்போது நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்து விழுங்க வைத்து, அரைமணி நேரம் படுக்க விடமாட்டேன். படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.

இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் போய் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். டெங்குவும் மலேரியாவும் எலிக்காய்ச்சலும் ஆரம்பத்தில் இதே மாதிரிதான் இருக்கும், பிரித்துச் சொல்ல டாக்டர்தான் வேண்டும்.

டாக்டர்களிடம் நான் கேட்பது ஒரு திரையும் இரண்டு நிமிடமும். வீட்டில் இருப்பவர்களிடம் கேட்பது இது: அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால், உடம்பு துடைத்துவிடும்போது அக்குள், மார்புக்கு அடி, பாவாடை நாடாவோ அரைஞாணோ இறுக்குகிற இடம், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், முழங்காலுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். கறுப்பாகப் பொருக்கோ வலிக்காத புண்ணோ இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கொல்லைக்கும் காட்டுக்கும் போய்வருகிறவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.