"ஜப்பானிய மொழி தேவையில்லை" என்ற வரியைப் பற்றி

கடந்த வாரம் திருச்சியிலிருந்து என் கல்லூரி இளவல் ஒருவர் தனக்கு வந்த பணி நியமனக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். டோக்கியோவில் மென்பொருள் பொறியாளர் வேலை, ஆண்டுக்கு 50 லட்சம் யென் சம்பளம். கடிதத்தின் கீழ்ப்பகுதியில் இருந்த "ஜப்பானிய மொழி அறிவு தேவையில்லை" என்ற வரியைச் சிவப்பில் வட்டமிட்டு, "அண்ணா, இதைப் பார்த்தப்புறம்தான் நிம்மதியா இருக்கு" என்று எழுதியிருந்தார். 2016 அக்டோபரில் நான் நரிதா விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது என் பையில் இருந்த கடிதத்திலும் இதே வரி இருந்தது. எனக்கும் இதே நிம்மதிதான் இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக இந்த நகரத்தில் குடும்பத்தோடு வாழ்ந்துவரும் ஒருவன் என்ற முறையில், அந்த வரியை நம்பி வருகிறவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

அந்த வரியை எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. பொறியாளர்களுக்கு வழங்கப்படும் பணி விசாவுக்குப் பொதுவாக மொழித் தேர்வு எதையும் கேட்பதில்லை. ஆனால் 2019 ஏப்ரலில் தொடங்கப்பட்ட "குறிப்பிட்ட திறன் பணியாளர்" என்ற விசாவில் வருகிறவர்களின் நிலை வேறு. முதியோர் பராமரிப்பு, உணவகம், வேளாண்மை போன்ற வேலைகளுக்கு வரும் அவர்கள் அன்றாடம் பேசிப் புழங்கும் அளவுக்கு மொழித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். பராமரிப்புப் பணிக்கு வருகிறவர்கள் அந்தத் துறைக்கென்றே உள்ள இன்னொரு மொழித் தேர்வையும் எழுதுகிறார்கள். நாங்கள் முதலில் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முதியோர் இல்லமொன்றில் வேலை பார்த்த மியன்மார் பெண் ஒருவர் இருந்தார். சம்பளம் என்னைவிட மிகக் குறைவு. எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து கூடம் முழுவதும் நனைந்த இரவில், கட்டட நிர்வாகத்தைத் தொலைபேசியில் அழைத்து எங்களுக்காகப் பேசி ஆளை வரவழைத்தவர் அவர்தான். பொறியியல் பட்டமும் ஆங்கிலமும் வைத்திருந்த நான் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன்.

வீடு தேடும்போதுதான் இது முதலில் உறைக்கும். டோக்கியோவில் வாடகை வீட்டுக்குள் நுழைய, முதல் மாத வாடகையோடு ஷிக்கிகின் என்ற முன்பணம், திரும்பி வராத ரெய்கின் என்ற காணிக்கை, தரகு, உத்தரவாத நிறுவனத்துக்கான கட்டணம், தீக்காப்பீடு என்று நான்கைந்து மாத வாடகையை முதலிலேயே எண்ணி வைக்க வேண்டும். பணம் இருந்தாலும் வீடு கிடைத்துவிடாது. 2016இல் நிஷி கசாய் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த ஒரு தரகு அலுவலகத்தில், இளைஞர் ஒருவர் என் முன்னால் அமர்ந்து வீட்டு உரிமையாளர்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அழைப்பிலும் "கைக்கொக்குஜின் நோ காத்தா தேசு கா" என்ற சொற்கள் வந்தன. அதன்பின் சிறு அமைதி. பிறகு அவர் மேசையைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி நன்றி சொல்லி வைத்துவிடுவார். ஏழு வீடுகளுக்கும் அப்படியே ஆயிற்று. "வருகிறவர் வெளிநாட்டவர், ஆனால்..." என்பதுதான் அந்தத் தொடரின் பொருள் என்று எனக்கு அன்று தெரியாது.

2021இல் மகன் பிறந்த பிறகு பெரிய வீடு தேடி இன்னொரு அலுவலகத்தில் உட்கார்ந்தபோதும் அதே தொடர்தான் காதில் விழுந்தது. இந்த முறை எதிர்முனையில் வந்த கேள்வியும் கேட்டது: "ஜப்பானிய மொழி பேசுவாரா?" தரகர் தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் நேரடியாகவே பேசுகிறேன் என்று வாங்கி, எங்கே வேலை செய்கிறேன், குழந்தைக்கு எத்தனை மாதம், குப்பையை எந்தெந்த நாளில் எப்படிப் பிரித்து வைக்க வேண்டும் என்று தெரியும் என்பதையெல்லாம் தப்பும் தவறுமாகச் சொன்னேன். அந்த முதியவர் சிரித்துவிட்டார். இன்றும் அவருடைய வீட்டில்தான் இருக்கிறோம்.

இதைச் சொல்வதால் வீடு மறுப்பவர்களை நான் நியாயப்படுத்துவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜப்பானிய நீதி அமைச்சகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர், வெளிநாட்டவர் என்பதாலேயே தங்களுக்கு வீடு மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். சரளமாகப் பேசுகிறவர்களுக்கும் மறுக்கிறார்கள். அது அநீதி, அதற்கு மொழி மருந்தாகாது. யூஆர் என்ற பொதுத்துறைக் குடியிருப்புகளில் ரெய்கினும் தரகும் உத்தரவாதமும் கேட்பதில்லை என்பதால்தான் நம் குடும்பங்களில் பலர் அங்கே போய்ச் சேர்கிறார்கள், அது நல்ல வழியும்கூட. ஆனாலும், மறுப்பவர்களுக்கும் ஏற்பவர்களுக்கும் நடுவில் தயங்கிக்கொண்டு நிற்கும் உரிமையாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதும், அவர்களுடைய பயம் பெரும்பாலும் "நள்ளிரவில் ஏதாவது ஆனால் இவரிடம் எப்படிப் பேசுவது" என்பதுதான் என்பதும் என் அனுபவம்.

வீட்டுக்கு அடுத்தது தபால் பெட்டி. வந்த புதிதில் இங்கே கையில் வரும் சம்பளம் மனத்துக்கு நிறைவாக இருக்கும். காரணம், ஜூமின்சேய் எனப்படும் வசிப்பிட வரி முந்தைய ஆண்டு வருமானத்தின் மீது, ஏறத்தாழ 10 விழுக்காடு என்ற அளவில், அடுத்த ஜூன் மாதத்திலிருந்துதான் பிடிக்கப்படும். 50 லட்சம் யென் வாங்குபவருக்கு அது மாதம் சுமார் 20,000 யென் வரும். வழக்கமாக நிறுவனமே சம்பளத்தில் கழித்துக் கட்டிவிடும். நான் 2018 ஆகஸ்டில் வேலை மாறினேன். பழைய நிறுவனம் கழிப்பதை நிறுத்தியது, புதிய நிறுவனம் தொடங்கவில்லை, மீதி வரியை நானே கட்ட வேண்டும் என்று கட்டணச் சீட்டுகள் வீட்டுக்கு வந்தன. முழுவதும் காஞ்சி எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகள். விளம்பரத் தாள்களோடு விளம்பரத் தாளாக அந்த உறையை ரைஸ் குக்கருக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்றாவது உறை வந்தபோது அலுவலக நண்பரிடம் காட்டினேன். படித்தவர் முகம் மாறி, "இதில் சொத்து முடக்கம் என்று எழுதியிருக்கிறது" என்றார். மறுநாளே குயாக்குஷோ எனப்படும் வட்டார அலுவலகத்துக்குப் போய்த் தாமதக் கட்டணத்தோடு கட்டிவிட்டேன். ஆனால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போது வரியைக் கட்டினாயா என்பதோடு, உரிய தேதிக்குள் கட்டினாயா என்பதையும் பார்ப்பார்கள். அந்த மூன்று சீட்டுகளால் என் விண்ணப்பத்தைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

இப்போதுதான் கைப்பேசியைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. தாளில் இருப்பதை மொழிபெயர்க்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தத் தாளை எடுத்துக் காட்ட வேண்டும் என்பதே தெரியாதவனுக்கு அது உதவாது. 2019இல் நாங்கள் இருந்த எடோகாவா வட்டார நிர்வாகம் எல்லா வீடுகளுக்கும் ஒரு வெள்ள அபாய வரைபடம் அனுப்பியது. அதன் அட்டையில் இந்த வட்டாரத்தையே குறித்து, "இங்கே இருக்கக் கூடாது" என்று எழுதியிருந்தது ஜப்பான் முழுவதும் பேசப்பட்டது; நிலத்தின் ஏறத்தாழ 70 விழுக்காடு கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் பகுதி இது. நம்மவர்கள் மிகுதியாக வாழும் நிஷி கசாயும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அந்த வரைபடத்தையும் நான் அதே அலமாரியில்தான் வைத்திருந்தேன்.

அந்த ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி ஹகிபிஸ் சூறாவளி வந்தது. வட்டாரத்தின் ஒரு பகுதியினரை வெளியேறுமாறு அறிவுறுத்தினார்கள். தெருவில் இருந்த ஒலிபெருக்கி மழைக்கு நடுவே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. நானும் என் மனைவியும் ஜன்னல் கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டும் ஒரு சொல்கூட விளங்கவில்லை. போக வேண்டுமா, இருக்க வேண்டுமா என்று தெரியாமல் கடவுச்சீட்டுகளை நெகிழிப் பையில் சுற்றி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் "மூன்று வருடம் இருந்து சம்பாதித்துவிட்டுப் போகப் போகிறவனுக்கு மொழி எதற்கு" என்று அதுவரை நான் சொல்லிக்கொண்டிருந்த பேச்சு அந்த இரவோடு முடிந்தது. கணக்குப் பார்த்தால் அந்த மாதத்தோடு மூன்று வருடமும் முடிந்திருந்தது.

அடுத்த மாதம் வட்டாரத்தின் சமூகக் கூடத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் மொழி வகுப்பில் சேர்ந்தேன். ஒரு முறைக்கு 100 யென். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் சொல்லிக் கொடுத்தார். தமிழர்களுக்கு இந்த மொழி எவ்வளவு இணக்கமானது என்பதை அங்கே போன பிறகுதான் அறிந்தேன். "வாத்தாஷி வா இந்தோ காரா கிமாஷித்தா" என்பதில் "காரா" என்பது நம் "இலிருந்து". சொற்களின் வரிசையைக் கொஞ்சமும் மாற்றாமல் "நான் இந்தியாவிலிருந்து வந்தேன்" என்று அமைகிறது. "தபேத்தே மிரு" என்றால் "சாப்பிட்டுப் பார்". "மிரு" என்ற சொல் கண்ணால் பார்ப்பதையும் குறிக்கும், நம்மைப் போலவே முயன்று பார்ப்பதற்கும் துணையாக வரும். ஆங்கிலம் வழியாகக் கற்பிக்கும் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கும் இலக்கணத்தைத் தமிழ் வழியாக யோசித்தால் அரை நிமிடத்தில் பிடித்துவிடலாம். கடினம் எழுத்துதான். அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2,136 காஞ்சி எழுத்துகள் உள்ளன. எனக்கு இன்னும் பாதிகூட ஒழுங்காக வராது. ஆனால் பேச்சு வந்துவிட்டால் எழுத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைத்துவிடுகிறது.

என்னைவிட என் மனைவிதான் இதில் வெகுதூரம் போனார். மகனை ஹோய்குயென் எனப்படும் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்த முதல் நாளே ரென்ராக்குச்சோ என்ற தொடர்புக் குறிப்பேட்டைக் கொடுத்தார்கள். குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கினான், காலையில் என்ன சாப்பிட்டான், மலம் இறுக்கமா இளக்கமா, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று தினமும் காலையில் எழுதி அனுப்ப வேண்டும். மாலையில் ஆசிரியை பதில் எழுதி அனுப்புவார். மனைவி ஹிராகானா என்ற எளிய ஒலியெழுத்தில், குழந்தை எழுதுவதுபோல, "நேற்று இட்லி சாப்பிட்டான். இட்லி என்பது அரிசியில் செய்த வெள்ளை ரொட்டி" என்று எழுதினார். அன்று மாலை பதில் முழுவதையும், ஒரு காஞ்சிகூட இல்லாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டு, ஹிராகானாவிலேயே அந்த ஆசிரியை எழுதியிருந்தார். ஜப்பானிய மொழியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடும் வழக்கம் கிடையாது. என் மனைவி வாசிக்க வேண்டும் என்பதற்காகவே அவர் அப்படி எழுதியிருக்கிறார். ஒரு வருடம் இருவரும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு காஞ்சியாக, மேலே அதன் உச்சரிப்போடு, அவருடைய பதில்களில் வரத் தொடங்கியது. அந்தக் குறிப்பேடுகள் ஐந்தையும் மனைவி பாதுகாத்து வைத்திருக்கிறார்.

அலுவலகத்துக்கு வருகிறேன். குறைந்தபட்சம் அங்கேயாவது ஆங்கிலம் போதுமா என்றால், நிரல் எழுதுவதற்குப் போதும். ஆனால் இங்கே பல நிறுவனங்களில் முடிவுகள் கூட்டத்தில் எடுக்கப்படுவதில்லை. நேமவாஷி என்பார்கள், மரத்தைப் பெயர்த்து நடுவதற்கு முன் வேரைச் சுற்றித் தோண்டிப் பதப்படுத்தும் தோட்ட வேலைக்கான சொல் அது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக முன்பே பேசி, இசைவு பெற்று, கூட்டத்தில் தலையசைப்பதுதான் நடைமுறை. மொழி தெரியாதவன் தலையசைப்புக்கு மட்டும் போய் உட்காருகிறான். அவன் செய்த வேலையை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்வதற்கு நடுவில் இரு மொழியும் தெரிந்த ஒருவர் இருப்பார். பெயரும் பதவி உயர்வும் அவருக்கே போகும், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. வேலை மாற நினைத்தால் ஆங்கிலம் மட்டும் கேட்கும் சில நிறுவனங்களே கண்ணில் படும். ஆகவே சம்பளம் உயராவிட்டாலும், மேலாளர் கடுமையாக நடந்துகொண்டாலும், முதலில் அழைத்து வந்த நிறுவனத்தையே பற்றிக்கொண்டு பலர் ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். மொழி தேவையில்லை என்று எழுதிய நிறுவனத்துக்கு இதில் இழப்பு ஒன்றுமில்லை என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய மொழிக் கல்வி ஊக்குவிப்புச் சட்டம், வெளிநாட்டவரைப் பணியமர்த்துவோர் அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் மொழி கற்கும் வாய்ப்பை ஏற்படுத்தித் தர முயல வேண்டும் என்கிறது. முயல வேண்டும் என்பதோடு நின்றுவிடுவதால் மீறுகிறவர்களுக்குத் தண்டனை இல்லை. 2024 அக்டோபர் நிலவரப்படி இந்த நாட்டில் 23 லட்சம் வெளிநாட்டுப் பணியாளர்கள் இருந்தார்கள். இத்தனை பேரின் உழைப்பை வாங்கிக்கொண்டு, அவர்கள் மொழி கற்பதைச் சனிக்கிழமைத் தன்னார்வலர்களின் நல்ல மனத்திடம் ஒப்படைத்திருப்பது சரியில்லை. முதல் ஆண்டில் வாரத்துக்கு நான்கு மணி நேரமாவது, சம்பளத்தோடு, வேலை நேரத்துக்குள்ளேயே மொழி வகுப்பு இருக்க வேண்டும் என்பதும், உடன் வரும் துணைவருக்கும் அதில் இடம் வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

இளவலுக்கு நீண்ட பதில் எழுதினேன். வர வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது, அவருக்கும் பிடிக்கும். கையெழுத்திடுவதற்கு முன் மொழி வகுப்புக்கு நிறுவனம் நேரம் தருமா, வீட்டு ஒப்பந்தம் யார் பெயரில், வேலையை விட்டால் அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க முடியுமா என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று நேற்று சொன்னார். கூடவே, தானே எழுதிப் பழகிய ஹிராகானா எழுத்துகளைக் கட்டம் போட்ட தாளில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். "நு" எழுத வேண்டிய இடத்தில் "மே" எழுதியிருந்தார்; வால் பகுதியில் ஒரு சுழி விட்டுப்போயிருந்தது. வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன்.