கோவை ஸ்டேடியத்துக்குப் படிக்கட்டிலிருந்து தொடங்குங்கள்

கோவையில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் என்ற பேச்சு 2024 முதல் ஓடுகிறது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள்: எத்தனை சீட், கூரை எப்படி இருக்கும்?

கூரை எனக்கும் பிடிக்கும். கட்டட அமைப்புப் பொறியாளன் நான். சேப்பாக்கத்தில் உட்கார்ந்தால் பாதி நேரம் பார்வை மேலேதான். 2011 சீரமைப்பில் வந்த அந்த வெள்ளைக் கூரை, எஃகு வடங்களில் இழுத்துக் கட்டிய துணி. இந்த மாதிரிக் கூரையில் எடை பெரிய பிரச்சினை இல்லை, காற்றுதான். கீழே புகுந்து அப்படியே மேலே தூக்கப் பார்க்கும். அதனால் விழாமல் தாங்கினால் போதாது, பறக்காமல் பிடித்தும் வைக்க வேண்டும். கடற்காற்று உள்ளே வரட்டும் என்று ஸ்டாண்டுகளுக்கு நடுவே இடைவெளியும் விட்டிருக்கிறார்கள். அருமையான வேலை.

ஆனால் 2025 ஜூன் 4-க்குப் பிறகு என் கண் கூரையைவிட வாசலுக்குத்தான் போகிறது. அன்று பெங்களூரு சின்னசாமி மைதான வாசல்களில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். புல்லுக்கு அடியிலிருந்து மழைநீரை உறிஞ்சி எடுக்கும் சப்ஏர் அமைப்பு 2017-லேயே வந்துவிட்ட மைதானம் அது. தண்ணீருக்குப் போடும் கணக்கை மனிதர்களுக்கும் போட்டாக வேண்டும்.

அந்தக் கணக்கு புதிதும் இல்லை. 1971-ல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் கால்பந்து மைதானத்தில், ஆட்டம் பார்த்துவிட்டு இறங்கிய கூட்டம் ஒரு படிக்கட்டில் சரிந்து 66 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து 1973-ல் பிரிட்டனில் வந்ததுதான் ‘கிரீன் கைடு’ என்ற மைதானப் பாதுகாப்புக் கையேடு. அதன் இப்போதைய கணக்குப்படி, ஒரு மீட்டர் அகலப் படியில் நிமிடத்துக்கு 66 பேருக்கு மேல் இறங்க முடியாது. சாதாரண நாளில் ஸ்டாண்டில் இருப்பவர்கள் எல்லோரும் 8 நிமிடத்துக்குள் வெளியேறும் பாதைக்கு வந்துவிட வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 10,000 பேர் உட்காரும் ஸ்டாண்டுக்குச் சுமார் 19 மீட்டர் படி அகலம். ஒரே படியாக வைக்க முடியாது, பல இடங்களில் பிரித்து வைக்க வேண்டும். இதைக் கட்டி முடித்த பிறகு சேர்க்கவும் முடியாது. முதல் வரைபடத்திலேயே இடம் ஒதுக்கியாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் அம்மாவை ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். இன்னிங்ஸ் இடைவேளையில் பெண்கள் கழிவறையில் நீண்ட வரிசை. அம்மா உள்ளே போனபோது குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. தொட்டியில் இருந்திருக்கலாம், ஆனால் டி20-யில் இடைவேளை 20 நிமிடம். ஆயிரக்கணக்கானோர் அந்த 20 நிமிடத்தில்தான் வருவார்கள். நாள் முழுக்கச் சராசரி பார்த்து பம்பும் குழாயும் போட்டால் இப்படித்தான் ஆகும். பெண்களுக்கு எத்தனை கழிவறை என்பதையும் அந்த 20 நிமிடத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது இன்னிங்ஸ் முழுக்க அம்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அவ்வளவு புழுக்கத்திலும். அப்புறம் இறங்கும்போது படியில் பாதி விளக்கு எரியவில்லை, பிடித்துக்கொள்ள நடுவில் கம்பியும் இல்லை. ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

கோவை வரைபடம் வெளிவரும் நாளில் நான் முதலில் தேடப்போவது அந்தப் படிக்கட்டைத்தான். நீங்களும் தேடுங்கள், கேளுங்கள். அம்மாவை மறுபடி ஒரு மேட்சுக்குக் கூட்டிப்போக வேண்டும் எனக்கு.