முழுச் சண்டையையும் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்

எல்லோரும் பகிர்ந்து சிரிக்கும் அந்தக் குத்துச்சண்டை நாக் அவுட் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால், "இவரெல்லாம் உலகப் பட்டத்துக்கு மோதினாராம்" என்று நம் நட்பு வட்டத்திலேயே ஒருவர் சிரிப்புக்குறி போட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

அதில் விழுபவர் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரர் ஹெரால் கிரஹாம். 1990 நவம்பரில், ஸ்பெயினின் பெனால்மதேனாவில், காலியாக இருந்த டபிள்யூபிசி (உலகக் குத்துச்சண்டை கவுன்சில்) மிடில்வெயிட் எடைப்பிரிவு உலகப் பட்டத்துக்காக ஜூலியன் ஜாக்சனோடு மோதினார். முதல் மூன்று ரவுண்டுகளில் ஜாக்சன் பெரும்பாலும் காற்றைத்தான் குத்திக்கொண்டிருந்தார். கண் வீங்கி மூடி, சண்டையையே நிறுத்திவிடும் நிலைக்கு வந்திருந்தார். நான்காவதில் முடித்துவிடலாம் என்று கிரஹாம் நெருங்கியபோது இறங்கிய ஜாக்சனின் ஒற்றை வலது கைக் குத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பரப்புகிறீர்கள். அந்த மூன்று ரவுண்டுகளைப் பார்க்க உங்களுக்கு நேரமில்லை.

"தோற்றவர் தோற்றவர்தானே?" என்பீர்கள். தோற்றார்தான். 1989-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த இன்னொரு உலகப் பட்டச் சண்டையில் மைக் மெக்கல்லமிடமும் தோற்றார். ஒரு புள்ளி பறிக்கப்பட்டு, நடுவர்களே இரண்டுக்கு ஒன்று எனப் பிரிந்து நின்று அறிவித்த தோல்வி அது. "ஜாக்சனை மட்டம் தட்டுகிறீர்கள்" என்று அடுத்தவர் வருவார். அவருடைய குத்தை நான் எங்கே குறை சொன்னேன், ஐயா?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பயிற்சியாளர் பிரெண்டன் இங்கிளின் பயிற்சிக்கூடத்தில், தரையில் வரைந்த கோடுகளின் மேல் காலடி பழகியவர் கிரஹாம். மதுக்கூடங்களில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, முடிந்தால் முகத்தில் குத்துங்கள் என்று குடித்துக்கொண்டிருந்தவர்களை அழைப்பார். ஆள் மாற்றி ஆள் வீசினாலும் தலையைச் சாய்த்தே தப்பிவிடுவார். அதையும் பகிரலாமே! பகிர மாட்டீர்கள், அதில் யாரும் விழுவதில்லை.

என் அண்ணனும் கல்லூரி நாட்களில் குத்துச்சண்டை ஆடியவர்தான். ஒரு போட்டியில் இரண்டு ரவுண்டுகள் நன்றாக ஆடி, மூன்றாவதில் விழுந்தார். இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் மாமா முறைக்காரர் யாராவது, "என்னப்பா, எழுந்துட்டியா?" என்பார். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். எனவே நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஜாக்சனிடம் அப்படி விழுந்த பிறகும், சில ஆண்டுகள் ஓய்விலிருந்து திரும்பி, 1998-இல் தம் 38-ஆம் வயதில் அட்லாண்டிக் சிட்டியில் சார்லஸ் புரூவரோடு மூன்றாம் முறையாக உலகப் பட்டத்துக்கு மோதினார் கிரஹாம்; மூன்றாவது ரவுண்டில் சாம்பியனை இருமுறை கீழே தள்ளினார். பத்தாவதில் தோற்றார் என்பதை நீங்கள் எப்படியும் தேடிப் பிடித்துவிடுவீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். இனி அந்தக் காணொளியில் என்னை டேக் செய்பவர்களை நட்பிலிருந்து நீக்கிவிடுவேன். நேரில் பார்க்கும்போது காரணம் கேட்க வேண்டாம்.