கிணற்றின் வாயைக் குறுக்குவது பதுக்கலா?

“அமெரிக்காவில் புது எரிவாயுக் கிணறுகளின் வாயை வேண்டுமென்றே குறுக்கி, தட்டுப்பாடு காட்டி விலை ஏற்றுகிறார்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. வாயைக் குறுக்குவது உண்மைதான், சொல்லும் காரணம்தான் தவறு.

லூசியானா மாநிலத்தில் எரிவாயு அடங்கியிருக்கும் ஹேன்ஸ்வில் பாறையை எடுத்துக்கொள்வோம். 10,000 அடிக்கும் கீழே, கடும் அழுத்தத்தில் இருக்கிறது. நீரைச் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்கி, அது மூடிக்கொள்ளாமல் மணலைத் திணிக்கிறார்கள். விரிசலைத் தாங்கி நிற்பது அந்த மணல்தான். முதல் நாளே முழுவதுமாகத் திறந்துவிட்டால் உள்ளழுத்தம் சட்டென்று விழும். மேலே இருக்கும் பாறையின் சுமை மணல்மேல் இறங்கும். மணல் நொறுங்கலாம், மென்மையான பாறைக்குள் புதையலாம், வாயுவோடு மேலே வந்து குழாயை அரிக்கவும் செய்யலாம். அப்புறம் விரிசல் இறுகிவிடும், கிணறும் சீக்கிரம் சோர்ந்துவிடும். அதனால்தான் கிணற்றின் வாயில் வாயு வெளிவரும் ‘சோக்’ எனும் சிறு துளையை அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு என்ற கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குகிறார்கள். எவ்வளவு மெதுவாக என்பதில் பொறியாளர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. எல்லாப் பாறைக்கும் ஒரே கணக்கு கிடையாது.

சரி, விலைக்காக யாருமே உற்பத்தியைக் குறைப்பதில்லையா? குறைத்திருக்கிறார்கள். விலை சரிந்திருந்த 2024 மார்ச்சில் ஈக்யூடி என்ற அமெரிக்க எரிவாயு நிறுவனம் அதை வெளிப்படையாகவே அறிவித்தது. ஆனால் அது வேறு விஷயம், புதுக் கிணற்றைக் காக்க வாயைக் குறுக்குவது வேறு.

லூசியானா அரசின் ‘சோன்ரிஸ்’ தளத்தில் கிணற்றுச் சோதனைப் பதிவுகளில் சோக் அளவும் அழுத்தமும் இருக்கும், யாரும் பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கும் வந்தால் மேற்கொண்டு அனுப்ப வேண்டாம். அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.